பழங்காசு விற்ற லாபமும் வருமான வரியும்

காவிரிப் பாசன நாட்டில் பழைய காசு அபூர்வமான பொருள் அல்ல. ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் அதனருகே நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயரும் கொண்ட சோழர் செப்புக் காசு, தஞ்சை நாயக்கரும் மராட்டியரும் வெளியிட்டவை, தரங்கம்பாடி டேனிஷ்காரரின் ஈய, செப்புக் காசுகள், நாகப்பட்டினத்து டச்சுக் காசுகள், விக்டோரியா தலை போட்ட சவரன், ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாய் என்று இங்கே ஆண்டவர்களும் வணிகம் செய்தவர்களும் ஆளுக்கொரு காசை விட்டுப்போயிருக்கிறார்கள். சுவாமிமலை, கும்பகோணம் வட்டாரத்துப் பழைய குடும்பங்களின் டிரங்குப் பெட்டியிலோ பூஜை அறையிலோ இவற்றில் சில கிடப்பது இயல்பு. இவற்றை ஆர்வத்தோடு தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. விலை ஏறிய பின் ஒருவர் விற்கிறார். கைக்கு வந்த பணத்தில் எவ்வளவு லாபம், அந்த லாபத்துக்கு வருமான வரி உண்டா என்ற கேள்வி அப்போது எழுகிறது.

கேள்விக்கு வயது ஏறத்தாழ எண்பது. சொத்து விற்ற ஆதாயத்துக்கு வரி என்ற எண்ணமே இந்தியாவுக்கு 1947-இல், இடைக்கால அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த லியாகத் அலி கானின் பட்ஜெட்டோடு வந்தது. ஜான் மத்தாய் நிதியமைச்சராக இருந்த 1949-இல் அது நீக்கப்பட்டது. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார் 1956-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதே ஆண்டில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அன்று தொட்டு, காசு விற்றவருக்கு நான்கு விதமான விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. காசு வீட்டு உபயோகப் பொருள், அதனால் வரி இல்லை என்பது ஒன்று. காசு மூலதனச் சொத்து, லாபம் மூலதன ஆதாயம் என்பது இரண்டாவது. அடிக்கடி விற்றால் அது வியாபாரம் என்பது மூன்றாவது. காசு என்பதே பணம், பணத்தில் லாபம் ஏது என்பது நான்காவது. வரி உண்டு என்பது இன்றைய நிலையில் பெரும்பாலும் தீர்ந்துவிட்ட விஷயம் என்பதும், தீராமல் கிடப்பது அடக்கவிலையும் ஆதாரமும் பற்றிய சிக்கல்தான் என்பதும், பழங்காசின் வரலாற்றுப் பயனுக்கே கேடு செய்வது அந்தச் சிக்கல்தான் என்பதும் என் வாதம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக இயற்றப்பட்டது. இங்கே பேசப்படும் தீர்ப்புகளும் சொற்களும் பழைய சட்டத்தில் வேர்விட்டவை என்பதால் அதன் வழியாகவே பேசுகிறேன்.

வீட்டுப் பொருள் என்னும் வாதம்

மூலதனச் சொத்து என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் மிக அகலமானது. எந்த வகைச் சொத்தானாலும் அதற்குள் வந்துவிடும். சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, தன் சொந்த உபயோகத்துக்காகவோ தன்னைச் சார்ந்த குடும்பத்தினரின் உபயோகத்துக்காகவோ ஒருவர் வைத்திருக்கும் அசையும் பொருள்கள். உடுத்தும் துணியும் மேசை நாற்காலியும் இந்த விலக்கில் அடங்கும். நகை மட்டும் 1973 ஏப்ரல் முதல் இந்த விலக்கிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் காசுமாலையாகக் கோத்த சவரன் வரிக்கு உட்படுமா என்பதில் அன்றே சந்தேகம் நீங்கிவிட்டது. கோக்காத காசு, அதுவும் சுவாமி படத்தின் முன் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு, எந்தப் பக்கம் சேரும்?

உச்ச நீதிமன்றம் 1976-இல் மகாராஜா ராணா ஹேமந்த் சிங்ஜி வழக்கில் இதற்கு நேராகவே விடை சொன்னது. தோல்பூர் சமஸ்தானத்தின் அரச குடும்பத்தைச் சேர்ந்த அவர் தரப்பில் தங்க நாணயங்கள், சவரன்கள், வெள்ளி ரூபாய்கள், வெள்ளிக் கட்டிகள் விற்கப்பட்டிருந்தன. மகாலட்சுமி பூஜையில் வைத்து வணங்கியவை ஆதலால் அவை சொந்த உபயோகப் பொருள்களே என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. பொருளுக்கும் அதை வைத்திருப்பவருக்கும் நெருங்கிய தொடர்பு, அவர் தாமே வழக்கமாகப் பயன்படுத்தும் தொடர்பு, இருந்தால்தான் அது அந்த விலக்கில் வரும். ஆண்டுக்கொரு முறை பூஜையில் வைப்பதால் அந்தத் தொடர்பு உண்டாகாது என்று தீர்த்தது. வீட்டில் புழங்கும் வெள்ளிப் பாத்திரங்கள் உபயோகப் பொருள்களாக ஏற்கப்பட்ட உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. உண்ணும் தட்டுக்கும் பெட்டியில் கிடக்கும் காசுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான் அவை காட்டுகின்றன.

இந்தத் தீர்ப்பு முழுமையானதா என்று கேட்க இடமிருக்கிறது. அங்கே விற்கப்பட்டவை உலோக மதிப்புக்காக வைக்கப்பட்ட காசுகள். சேகரிப்பாளரின் நிலை வேறு. அவர் காசை எடுத்துப் பார்க்கிறார், எடை போடுகிறார், எழுத்தைப் படிக்கிறார், பிற காசுகளோடு ஒப்பிடுகிறார். அவருக்கும் அவர் தொகுப்புக்கும் உள்ள நெருக்கம், ஒருவருக்கும் அவர் வீட்டு நாற்காலிக்கும் உள்ள நெருக்கத்தைவிடக் குறைந்ததல்ல. இந்த வாதத்துக்கு வலு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 2007-இல் வந்த திருத்தம் அதன் வலுவைப் பெரிதும் குறைத்துவிட்டது.

பட்டியலில் பெயர் இல்லாத பொருள்

ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது வந்த 2007-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், உபயோகப் பொருள் விலக்கிலிருந்து நகையோடு இன்னும் ஐந்தை எடுத்தது: தொல்பொருள் தொகுப்புகள், கோட்டோவியங்கள், வண்ண ஓவியங்கள், சிற்பங்கள், எந்தவொரு கலைப்படைப்பும். 2008 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சுவாமிமலை ஸ்தபதியிடம் வாங்கிய மெழுகு வார்ப்பு நடராஜர், வீட்டுக் கூடத்தை அலங்கரித்தாலும், விற்கும்போது சிற்பம் என்ற சொல்லால் நேரடியாக வரி வலைக்குள் வருகிறார். காசு என்ற சொல் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

பெயர் சொல்லாததால் காசு தப்பிக்கிறது என்பது ஒரு கட்சி. நாடாளுமன்றம் இத்தனை பொருள்களை எண்ணி எழுதும்போது காசை விட்டது தெரிந்தே விட்டதாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் தர்க்கம். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பட்டியல் செய்வது, உபயோகப் பொருளாக இருந்தும் விலக்கு பெறாதவற்றைச் சொல்வது. பட்டியலில் இல்லாததால் மட்டும் ஒரு பொருள் உபயோகப் பொருளாகிவிடாது. அதற்கு முதலில் 1976-இன் சோதனையில் தேற வேண்டும். எதிர்க்கட்சி சொல்வது, பழங்காசுத் தொகுப்பு தொல்பொருள் தொகுப்பே என்பது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத நாணயத்தைத் தொல்பொருள் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வருமான வரிச் சட்டம் இந்தச் சொற்றொடருக்குத் தன்னளவில் விளக்கம் தராத நிலையில் இந்த வாசிப்பு நியாயமானதே. ஆனால் அதன் விளைவு விசித்திரமானது: சோழர் காசுத் தொகுப்பு பட்டியலுக்குள் வரும், நூறாண்டு ஆகாத, சேகரிப்பாளர்கள் அபூர்வமென்று மதிக்கும் 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் வெளியே நிற்கும். வெளியே நின்றாலும் ஹேமந்த் சிங்ஜி தீர்ப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், இரண்டு வழியிலும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்.

காசே பணம் என்பவர்கள்

நான்காவது விடையை இங்கேயே சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரிட்டனில் இதற்குச் சட்ட மதிப்பு உண்டு. 1837-க்குப் பின் அச்சான சவரன் அங்கே இன்றும் செல்லுபடியாகும் பணம். அதனால் அதை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஜெர்மனியில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து தனியொருவர் விற்கும் காசுக்கு வரி இல்லை. அமெரிக்கா நேர் எதிர். சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால ஆதாயத்துக்குப் பங்குகளுக்கு உள்ளதைவிடக் கூடுதலாக, 28 விழுக்காடு வரை வரி விதிக்கிறது. இந்தியாவில் பணம் என்பதற்காக மூலதனச் சொத்திலிருந்து காசை விலக்கும் வாசகம் எதுவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவை ஒட்டி 1000 ரூபாய் முகமதிப்பில் வெளியான, 35 கிராம் எடையில் 80 விழுக்காடு வெள்ளி கொண்ட நினைவு நாணயத்தை எடுத்துக்கொள்ளலாம். அதை 1000 ரூபாய்க்குக் கடையில் கொடுத்தால் அங்கே அது பணம். கூடுதல் விலைக்குச் சேகரிப்பாளரிடம் கொடுத்தால் அவர் வாங்குவது ஒரு பொருளை. முகமதிப்புக்கு மேல் கிடைத்தது பொருளின் விலை என்பதால் இந்த வாதம் இந்தியாவில் நிற்காது என்றே கருதுகிறேன்.

சேகரிப்பவரும் விற்பவரும்

வியாபாரமா, மூலதனமா என்ற கேள்வியில் தமிழ்நாட்டு வழக்கொன்றே நாடு முழுவதற்கும் வழிகாட்டி. கோயம்புத்தூர் ஜி. வெங்கடசாமி நாயுடு நிறுவனம், ஜனார்த்தனா மில்லுக்கு அருகே இருந்த நிலத்துண்டுகளை வாங்கி, பிறகு அந்த மில்லுக்கே லாபத்தில் விற்றது. நிலம் வாங்கி விற்பது அதன் தொழிலல்ல. ஆனாலும் வாங்கும்போதே விற்கும் நோக்கம் மட்டுமே இருந்ததால் அது வணிகத் தன்மையுள்ள முயற்சி என்று 1959-இல் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்லிற்று. எந்த ஒரு அடையாளத்தையும் இறுதிச் சோதனையாகக் கொள்ள முடியாது. நோக்கம், பொருளின் தன்மை, வாங்கி விற்றதன் எண்ணிக்கை, வைத்திருந்த காலம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது.

சேகரிப்பாளர்களின் உலகில் இந்தக் கோடு மங்கலானது. நல்ல தொகுப்பு வளர்வதே விற்று வாங்கித்தான். ஒரே காசில் இரண்டு கிடைத்தால் தேய்ந்ததை விற்று, தேயாததை வைத்துக்கொள்வார்கள். அந்த விற்பனைகளை எண்ணி வியாபாரம் என்று சொல்வது பொருந்தாது. மறுபக்கம், ஏலத்தில் மொத்தமாக எடுத்து வாரச் சந்தையில் சில்லறையாக விற்பவர் தம்மைச் சேகரிப்பாளர் என்று சொல்வதும் பொருந்தாது. நூறாண்டு தாண்டிய காசைத் தொழிலாக விற்க 1972 சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், தம்மை வியாபாரி என்று ஒப்புக்கொள்பவர் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தொகுப்பையே ஒருவர் வியாபாரச் சரக்காக மாற்றினால், மாற்றிய நாள் வரையிலான உயர்வு மூலதன ஆதாயம், அதன் பிறகானது வணிக லாபம் என்று சட்டம் தெளிவாகவே பிரித்திருக்கிறது. குறிப்பேடு வைத்திருப்பவருக்கு இந்தப் பிரிவு எளிது; வைக்காதவருக்கு எங்கே கோடு போடுவது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாங்கிய விலை எது?

சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது. விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்தால் ஆதாயம். தாத்தா வழியாக வந்த காசுக்குத் தாத்தா கொடுத்த விலையே வாங்கிய விலை என்கிறது சட்டம். அது தெரியாவிட்டால் அவர் கைக்கு வந்த நாளின் சந்தை விலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வந்ததானால் அன்றைய சந்தை விலையை எடுத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. எழுத்தளவில் இது தாராளமான ஏற்பாடு. ஆனால் 2001-இல் ஒரு குறிப்பிட்ட தஞ்சை மராட்டியர் காசுக்கு என்ன விலை என்று யார் சொல்வது? தங்கத்துக்கு அன்றைய விலை பதிவாகியிருக்கிறது. காசின் விலையோ அதன் தேய்மானம், எழுத்தின் தெளிவு, வகையின் அருமை ஆகியவற்றைப் பொறுத்தது. ஏலப் பட்டியல்களில் ஒத்த காசு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மதிப்பீட்டாளரின் கணிப்பே மிஞ்சும், அதை அதிகாரி ஏற்க வேண்டும்.

2024 ஜூலை 23 அன்று வந்த பட்ஜெட் இந்தக் கணிப்பின் எடையைக் கூட்டிவிட்டது. அதுவரை நீண்டகால ஆதாயத்துக்கு, விலைவாசி ஏற்றத்தைக் கழித்தபின், 20 விழுக்காடு வரி. அன்று முதல் விலைவாசிக் கழிவு இல்லை, வரி 12.5 விழுக்காடு, நீண்டகாலம் என்பதற்கான வரம்பும் 36 மாதத்திலிருந்து 24 ஆகக் குறைந்தது. 2001-இல் 20,000 ரூபாய் மதிப்புள்ள காசு 2024-25-இல் ஒரு லட்சத்துக்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். குறியீட்டெண் 100-லிருந்து 363-க்கு உயர்ந்திருந்ததால் பழைய கணக்கில் அடக்கவிலை 72,600, ஆதாயம் 27,400, வரி 5,480 ரூபாய். புதிய கணக்கில் ஆதாயம் 80,000, வரி 10,000 ரூபாய். அதே காசு இரண்டு லட்சத்துக்கு விற்றிருந்தால் பழைய வரி 25,480, புதிய வரி 22,500. ஏறத்தாழ எட்டு மடங்கு விலை ஏறாத காசுகளுக்கெல்லாம் புதிய முறை கூடுதல் பாரம். உலோக மதிப்போடு மெதுவாக ஏறும் சாதாரணக் காசை நெடுநாள் வைத்திருந்தவர் அதிகம் கட்டுகிறார். அரிய காசு விற்றவர் குறைவாகக் கட்டுகிறார். நிலத்துக்கும் வீட்டுக்கும் பழைய கணக்கைத் தேர்ந்துகொள்ளும் சலுகையை நாடாளுமன்றம் பின்னர் கொடுத்தது. காசுக்குக் கேட்க யாரும் இல்லை.

வரித் தள்ளுபடியிலும் இதே சாய்வு. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடியால் வரி இல்லாமல் போகிறது. ஆனால் தனி விகிதத்தில் விதிக்கப்படும் நீண்டகால ஆதாய வரிக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. அந்த வரம்புக்குள் வருபவர் இரண்டு ஆண்டுக்குள் வாங்கி விற்ற காசின் லாபம் சாதாரண விகிதத்தில் வந்து தள்ளுபடியில் கரைந்துவிடும். முப்பது ஆண்டு காத்து விற்ற காசின் லாபத்தில், அடிப்படை விலக்கில் மீதி இருந்தால் அது போக, மற்றதற்கு வரி கட்ட வேண்டும். காசைக் காப்பவரைவிடக் கைமாற்றுபவருக்கு இந்த ஏற்பாடு சாதகமாக இருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்த அநீதியல்ல. பங்குச் சந்தையை மனத்தில் வைத்து எழுதிய விதி, காசின் மீதும் விழுந்திருக்கிறது.

வரி கட்டத் துணிபவருக்கு இதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. கணக்கில் காட்டாத, எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத பணம், பொன், நகை, மதிப்புள்ள வேறெந்தப் பொருளையும் அந்த ஆண்டின் வருமானமாகவே கொள்ள 1961 சட்டம் இடம் தந்தது. பணமதிப்பு நீக்கத்தை ஒட்டி 2016-இல் வந்த திருத்தம் அதற்கு 60 விழுக்காடு வரியும் மேல்வரியும் விதித்தது. நகைக்கு ஓர் ஆறுதல் உண்டு. சோதனையின்போது மணமான பெண்ணிடம் 500 கிராம், மணமாகாத பெண்ணிடம் 250, ஆணிடம் 100 கிராம் வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994-இல் நேரடி வரிகள் வாரியம் அறிவுறுத்தியது. அது பேசுவது நகையையும் ஆபரணத்தையும். பாட்டியின் காசுமாலைக்கு அந்த நிழல் உண்டு; அதே பாட்டி உதிரியாக விட்டுப்போன சவரனுக்கு உண்டா என்பது தெளிவில்லை. 12.5 விழுக்காடு கட்ட வருபவர் 60 விழுக்காட்டை நினைத்துத் தயங்குவது இயற்கை. தயங்குபவருக்கு எளிதான வழி, காசை உருக்கும் கடையில் எடைக்கு எடை போட்டுவிட்டுப் போவது.

மண்ணிலிருந்து வந்தவை

உழும்போதோ வாய்க்கால் வெட்டும்போதோ கிடைத்த காசு தனி வகை. வயலில் கிடைத்ததாலேயே அது வேளாண் வருமானம் ஆகாது. நெல்லுக்கு உள்ள வரிவிலக்கு அதற்கு இல்லை. அதற்கு முன்பே உரிமைக் கேள்வி எழுகிறது. மண்ணில் மறைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். தெரிவித்தவருக்கு அது நியாயமே செய்கிறது: உரிமையாளர் இல்லையென்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நிலத்துக்காரருக்கும், அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு பெருமளவு இப்படி வளர்ந்ததுதான். ஆனால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு என்பது செப்புக் காசுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. தெரிவிக்காமல் விற்றவர் வரிக் கணக்கில் அதைக் காட்டுவாரா? காட்டினால் இன்னொரு சட்டத்தின் முன் குற்றவாளியாகிறார். இதன் இழப்பு வரித்துறைக்கு மட்டுமல்ல. புதுக்கோட்டையில் 1898-இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளின் மதிப்பு, அவை ஒன்றாக, அந்த இடத்தில் கிடைத்தன என்ற செய்தியில் இருக்கிறது. கிடைத்த இடம் தெரியாத காசு வரலாற்றுக்குப் பாதி ஊமை.

சலுகை கேட்டால் எழும் மறுப்புகள்

காசுத் தொகுப்புக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்றால் மூன்று மறுப்புகள் வரும். சேகரிப்பு வசதியுள்ளவர் பொழுதுபோக்கு, அதற்குச் சலுகை எதற்கு என்பது முதலாவது. இதில் நியாயம் இருக்கிறது. வரியே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. தங்கத்தைக் காசு வடிவில் பதுக்கிக் கறுப்புப் பணத்தை வெளுப்பார்கள் என்பது இரண்டாவது. இது உண்மையான ஆபத்து. அதனால்தான் சலுகை சவரன் போன்ற, உலோக விலையை ஒட்டி நகரும் காசுகளுக்குப் போகக் கூடாது. ஆதாரம் வைத்திருப்பது குடிமகன் கடமை என்பது மூன்றாவது. வாங்கியவருக்கு இது பொருந்தும், பரம்பரையாகப் பெற்றவருக்குப் பொருந்தாது. தன் விருப்பத்தால் ஒரு தொகுப்பைப் படமும் எடையும் கிடைத்த இடமும் குறித்து அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ பதிவு செய்பவருக்கு, அந்தப் பதிவு நாளின் மதிப்பை அடக்கவிலையாக ஏற்பதும், அதுவரையான மூலத்தைக் கேள்வி கேட்காமல் விடுவதும் ஒரு வழியாக இருக்கலாம். அரசு இழப்பது சிறிய வரித்தொகை. பெறுவது, டெல்டா மண்ணில் என்னென்ன காசு எங்கெங்கே புழங்கியது என்ற பதிவு.

இந்த எண்ணம் சட்டத்துக்கே அந்நியமானதல்ல. கலைப்படைப்பு, தொல்பொருள் தொகுப்பு, அறிவியல் தொகுப்பு, நூல், சுவடி ஆகியவற்றை அரசுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தேசிய அருங்காட்சியகத்துக்கோ அறிவிக்கை பெற்ற பிற பொது நிறுவனத்துக்கோ கொடுத்தால் அதைச் சொத்து மாற்றமாகவே கொள்வதில்லை, ஆகவே மூலதன ஆதாய வரி இல்லை என்று 1961 சட்டத்தின் 47-ஆம் பிரிவு வெகுகாலமாகச் சொல்லி வந்தது. பொதுச் சேகரிப்புக்குப் போகும் பொருளுக்கு வரி வேண்டாம் என்ற கொள்கையை நாடாளுமன்றம் ஏற்கனவே ஏற்றிருக்கிறது. வரி விதிக்கும்போது பழங்காசைத் தொல்பொருள் தொகுப்பு என்று வாசித்தால், அருங்காட்சியகத்துக்கு விற்கும்போதும் அதே வாசிப்பின் பயனை விற்பவருக்குத் தர வேண்டும். ஒரே சொற்றொடரை ஓரிடத்தில் அகலமாகவும் இன்னோரிடத்தில் குறுக்கியும் வாசிக்க நியாயம் இல்லை. இதை ஒப்புக்கொண்ட பிறகும் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. எத்தனை காசு சேர்ந்தால் அது தொகுப்பு? ஒருவரிடம் இருக்கும் ஒரே ஒரு ராஜராஜன் காசு அந்தச் சொல்லுக்குள் அடங்குமா? ஆற்று மணலில் உதிரியாகக் கிடைப்பது மண்ணில் மறைத்து வைத்த புதையலா, யாரோ தவறவிட்டதா என்பதற்கும் 1878 சட்டத்தின் வாசகத்தில் நேரான விடை இல்லை. வரிச் சட்டமும் புதையல் சட்டமும் தொல்பொருள் சட்டமும் ஒரே காசைத் தனித்தனியே வரையறுக்கும்வரை, விற்பவர் ஒவ்வொருவரும் தம் ஆடிட்டரோடு உட்கார்ந்து இவற்றுக்குத் தாமே ஒரு விடை எழுத வேண்டியிருக்கும்.